மானும் சிறுத்தையும் யாரைப் பார்க்கின்றன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் ஒரு பக்கம் முழுவதையும் மிகுபுனைவுக் (இயல்பில் இல்லாததைக் கற்பனையால் படைக்கும்) காட்டுயிர் ஓவியம் ஒன்றுக்கு ஒதுக்கியிருந்தீர்கள். ஒரு நாளிதழ் ஓவியத்துக்கு இவ்வளவு இடம் தருவது அரிது என்பதால் முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் ஓவியத்தின் அடியில் அச்சாகியிருந்த விளக்கக் குறிப்பைப் படித்தபோது, ஓவியத்தைப் பார்க்காமலேயே எழுதிவிடக்கூடிய குறிப்பாக அது அமைந்துவிட்டதே என்ற வருத்தம் ஏற்பட்டது. மான் கள்ளமின்மையின் குறியீடு, சிறுத்தை தீமையின் குறியீடு, நிலவு நம்பிக்கையின் குறியீடு, நீல நிறம் அமைதியின் குறியீடு, ஆகவே தீமைக்கு அருகிலும் நம்பிக்கையோடு அமைதியாக வாழலாம் என்பதே ஓவியம் சொல்லும் செய்தி என்று அக்குறிப்பு முடிகிறது. இந்த நான்கு சமன்பாடுகளையும் கையில் வைத்துக்கொண்டால், மானும் சிறுத்தையும் நிலவும் இடம்பெறும் எந்த ஓவியத்துக்கும் இதே பொருளைச் சொல்லிவிடலாம். இந்த ஓவியர் இந்த ஓவியத்தில் என்ன செய்திருக்கிறார் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. அந்தக் கேள்வியை எழுப்பவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இணைப்பைப் பார்க்கத் தவறியவர்களுக்காக ஓவியத்தைச் சுருக்கமாக விவரிக்கிறேன். நள்ளிரவுக் காடு. முன்புலத்தில் ஒரு குளம். அதில் முழு நிலவின் பிம்பம் மட்டும் தெரிகிறது, வானத்தில் நிலவு இல்லை. குளத்தின் எதிர்க்கரையில், அருகிலுள்ள மரங்களுக்குச் சமமான உயரத்தில் ஒரு கலைமான் நிற்கிறது. அதன் கொம்புகள் மேலே போகப் போக மரக்கிளைகளாக மாறிவிடுகின்றன. இடப்புறக் கொம்பில் இலைகள் தழைத்திருக்கின்றன, சிறு பறவைகள் அடைந்திருக்கின்றன. வலப்புறக் கொம்பு மொட்டையாக இருக்கிறது. மானுக்கு வெகு அருகில், ஒரே பாய்ச்சலில் எட்டிவிடக்கூடிய தொலைவில், சிறுத்தை ஒன்று குனிந்து நீர் குடிக்கிறது. படம் முழுவதும் நீலத்தின் பல சாயல்களால் ஆனது. மானின் முகத்திலும் மார்பிலும் மட்டும் இளமஞ்சள் ஒளி படிந்திருக்கிறது.

அந்த மஞ்சள் ஒளியைக் குறிப்பு எழுதியவர் கவனிக்கவில்லை. ஓவியம் முழுவதும் அதைச் சுற்றித்தான் இயங்குகிறது என்பது என் கருத்து. நமக்கும் மானுக்கும் இடையிலுள்ள நீரில் நிலவின் பிம்பம் நம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், நிலவு நமக்கு எதிர்ப்புறத்தில், படச்சட்டத்தின் மேல் விளிம்புக்கு அப்பால் இருக்க வேண்டும். அப்படியானால் நிலவொளி மானின் முதுகுப்புறத்திலிருந்து வருகிறது. மானின் விளிம்புகள் வெள்ளிக்கோடுகளாக ஒளிர வேண்டும், நம்மை நோக்கிய பக்கம் இருண்டிருக்க வேண்டும். விளிம்புகளில் அந்த வெள்ளிக்கோட்டை ஓவியர் பிழையின்றித் தீட்டியிருக்கிறார். எனவே ஒளியின் திசையை அறியாதவர் அல்லர் அவர். ஆனாலும் மார்பும் முகமும் ஒளி பெற்றிருக்கின்றன, அதுவும் நிலவின் நிறமல்லாத வேறொரு நிறத்தில். கூர்ந்து பார்த்தால், மானின் நிழல் பின்னாலிருக்கும் அடிமரங்களின்மீது மங்கலாக விழுந்திருப்பதும் தெரியும். ஆக, ஓவியத்தில் இரண்டாவது ஒளி ஒன்று உண்டு. அது நாம் நிற்கும் பக்கத்திலிருந்து வருகிறது.

இதை உறுதிசெய்யும் இன்னொரு நுணுக்கம் கண்களில் இருக்கிறது. மானுக்கும் சிறுத்தைக்கும் இரண்டு கண்களும் பசுமை கலந்த மஞ்சளில் பளபளக்கின்றன. இதை வெறும் மாயத்தோற்றம் என்று கடந்து போய்விடலாம். உண்மையில், இரவில் நடமாடும் பல விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. மான்களுக்கும் பூனையினத்துக்கும் அது உண்டு. அந்த ஒளிர்வு, விளக்கு பார்ப்பவரின் கண்ணுக்கு ஏறக்குறைய நேர்க்கோட்டில் இருக்கும்போதுதான் தெரியும். நிலவு மட்டும் இருக்கும் இரவில், அதுவும் நிலவு விலங்குகளின் பின்னால் இருக்கும்போது, அந்தப் பளபளப்பு நமக்குத் தெரிய வழியே இல்லை. விளக்கைப் பிடித்திருப்பவர் நாம் நிற்கும் இடத்தில் நிற்கிறார் என்பதைத்தான் கண்களும் சொல்கின்றன. இரண்டு விலங்குகளும் ஒன்றையொன்று பார்க்கவில்லை என்பதும் இப்போது புலப்படும். சிறுத்தையின் வாய் நீரில் இருக்க, கண்கள் நம்மை நோக்கி உயர்ந்திருக்கின்றன. அதன் உடலில் பதுங்கலின் இறுக்கம் இல்லை, வால் தளர்ந்து தரையில் கிடக்கிறது. மானின் இரு காதுகளும் நம் பக்கம் திரும்பியிருக்கின்றன. ஒரு முன்னங்கால் சற்றே தூக்கியிருக்கிறது. ஆபத்தை உணர்ந்த மான் முன்னங்காலைத் தூக்கித் தரையைத் தட்டும் என்பது காட்டுயிர்களைக் கவனிப்போர் அறிந்ததே. தட்டுவதற்கு முந்தைய கணத்தில் ஓவியர் அதை நிறுத்திவைத்திருக்கிறார்.

இவ்வளவையும் பார்த்தபின், சிறுத்தை தீமையின் குறியீடு என்று எப்படிச் சொல்வது? இந்தக் காட்சியில் மானின் அச்சத்துக்குக் காரணம் சிறுத்தை அன்று. வேட்டையாடும் விலங்கும் வேட்டையாடப்படும் விலங்கும் ஒரே துறையில் நீர் அருந்திக்கொண்டிருந்த இடத்துக்கு வெளிச்சத்தோடு ஒருவர் வந்திருக்கிறார், இரண்டும் அவரைப் பார்க்கின்றன. அந்த ஒருவரின் இடத்தில் ஓவியர் பார்வையாளரை நிறுத்தியிருக்கிறார். குறிப்பு சொல்லும் அமைதி சற்றுமுன்வரை அங்கே இருந்திருக்கலாம். ஓவியம் காட்டுவது அது கலையும் கணத்தை.

ஓவியத்தின் உணர்வுநிலையை நிறத்திலிருந்து நேராகப் பெற முயல்வதுதான் இத்தகைய குறிப்புகளில் அடிக்கடி நிகழும் குறை. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளை, எட்டாகக் கூறி, ஒவ்வொன்றும் எவ்வெவற்றிலிருந்து பிறக்கும் என்பதையும் வகுத்துத் தந்திருக்கிறது. மருட்கை என்னும் வியப்பு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கிலிருந்து தோன்றும் என்கிறது அது. மிகுபுனைவு ஓவியத்தைப் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வழிகாட்டியை நான் அறியேன். இதற்குமுன் கண்டிராத விலங்கு புதுமை; மரத்துக்கு நிகராக நிற்கும் மானின் உருவம் பெருமை; அதன் கொம்பில் நகக்கண் அளவுக்கு அமர்ந்திருக்கும் பறவைகள் சிறுமை; கொம்பு கிளையாக மாறுவது ஆக்கம். நான்கும் இந்த ஒரே ஓவியத்தில் அமைந்திருக்கின்றன. அச்சம் அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன்) என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்றும் அதே இயல் சொல்கிறது. குறிப்பு எழுதியவர் அச்சத்தை விலங்கிடம் தேடினார். மானின் பக்கம் நின்று பார்த்தால், இருளில் விளக்கோடு வருபவர் கள்வராகத்தான் தோன்றுவார். வியப்பு பார்க்கும் நமக்கு, அச்சம் பார்க்கப்படும் அவற்றுக்கு என்று இரண்டு மெய்ப்பாடுகள் ஒரே படத்தில் எதிரெதிராக நிற்கின்றன. அந்த ஓவியத்தின் முன் ஏற்படும் இனம்புரியாத சங்கடத்துக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

குறியீட்டைப் பற்றியும் நம் மரபு தெளிவாகவே பேசியிருக்கிறது. குறுந்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடிய பாடல் ஒன்றில், பிடியின் பசியைத் தீர்ப்பதற்காகக் களிறு யா மரத்தின் கிளையைப் பிளக்கும் காட்சி தலைவன் போன வழியில் இருக்கிறது என்று தோழி தலைவியிடம் சொல்கிறாள். அதைக் காணும் தலைவனுக்கு உன் நினைவு வரும், திரும்பி வருவான் என்பது சொல்லாமல் உணர்த்தப்படும் பொருள். இறைச்சி எனப்படும், இயற்கைக் காட்சிக்குள் மறைந்து நிற்கும் குறிப்புப் பொருளுக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் காட்டும் பாடல் இது. யானை வலிமையின் குறியீடு என்ற சமன்பாட்டோடு இப்பாடலை அணுகினால் ஒன்றும் கிடைக்காது. பொருள் யானையில் இல்லை. பசித்த பிடிக்காக, வறண்ட நிலத்தில், அது செய்யும் செயலில் இருக்கிறது. அதே தொகையில் கபிலர் பாடலில், களவு மணத்துக்கு ஒரே சாட்சியாக நின்ற குருகு என்னும் நீர்ப்பறவையும் அப்படித்தான். ஓடும் நீரில் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டு நின்றதால் அது சாட்சியாக இருந்தும் இல்லாததாகிறது. வேறொரு பாடலில் வேறொரு குருகு வேறு பொருள் தரும். விலங்கு என்ன செய்கிறது, எங்கே நிற்கிறது, எதைப் பார்க்கிறது என்று கேட்டுக் கேட்டுப் பொருள் கொண்ட மரபுக்கு உரியவர்கள் நாம். ஓவியத்துக்கு வரும்போது மட்டும் ஏன் அகராதியை நாட வேண்டும்?

இனிக் கொம்புகளுக்கு வருகிறேன். இவ்வோவியத்தில் என்னை மிகுந்த நேரம் நிறுத்திவைத்தவை அவைதான். தழைத்த கொம்பு வாழ்வு, மொட்டைக் கொம்பு சாவு என்கிறது குறிப்பு. கொம்பின் இயல்பை அறிந்தவர் இவ்வளவு விரைவில் அந்த முடிவுக்கு வரமாட்டார். மாட்டின் கொம்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்திருப்பது. மானின் கிளைக்கொம்போ விழுந்து மீண்டும் முளைப்பது. பெரும்பாலான மானினங்களில் ஆண்டுதோறும் இது நிகழும். வளரும் காலத்தில் மென்மயிர் கொண்ட தோல் அதைப் போர்த்தியிருக்கும், குருதி ஓடும். வளர்ந்து முடிந்ததும் தோல் உரிந்து எலும்பு வெளிப்படும். பருவம் முடிந்ததும் அடியோடு கழன்று விழும். இலையுதிர்க்கும் மரத்துக்கும் மானின் கொம்புக்கும் உள்ள இந்த ஒற்றுமை இயற்கையிலேயே இருப்பது. அதை உணர்ந்துதான் ஓவியர் கொம்பைக் கிளையாக்கியிருக்க வேண்டும். அந்த அளவில், மொட்டைக் கொம்பு சாவைக் காட்டுவதாகாது. மறுபருவத்தில் அதுவும் தழைக்கும். இரு கொம்புகளும் சேர்ந்து பருவச் சுழற்சியைக் காட்டுகின்றன என்று கொள்வதே பொருந்தும்.

ஆனால் ஓவியர் அதோடு நிறுத்தவில்லை. மொட்டைக் கொம்பின் நுனிகளில் இரண்டு, ஒடிந்த கிளைகளைப் போலச் சிராய் சிராயாக இல்லாமல், தட்டையாக முடிகின்றன. அந்தத் தட்டைப் பரப்பில் மரத்தின் ஆண்டு வளையங்கள் மெல்லிய கோடுகளாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. தானாக விழும் கொம்பு அடியில் கழலும். நுனியில் வளையம் தெரிய ஒரு கிளை முடிகிறது என்றால் அது அறுக்கப்பட்டிருக்கிறது. பருவச் சுழற்சி என்ற பொருளை முதலில் நம்மிடம் தந்துவிட்டு, அந்த இரண்டு நுனிகளால் ஓவியர் அதைத் திருத்துகிறார். தானாக உதிர்ந்தது மீண்டும் தளிர்க்கும். அறுக்கப்பட்டது தளிர்க்குமா என்ற ஐயம் அங்கே எழுகிறது. நம் பக்கமிருந்து வரும் அந்த வெளிச்சத்தோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், இதே இடத்துக்கு விளக்கோடு ஒருவர் வருவது இது முதல் முறையாக இருக்க முடியாது. மானின் அச்சத்துக்கு ஒரு முன்கதை இருக்கிறது.

இந்த இடத்தில் ஜெர்மானிய ஓவியர் ஃப்ரான்ஸ் மார்க் நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. அவர் 1913-இல் வரைந்த, இன்று பாசல் நகரக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும், விலங்குகளின் விதி என்னும் பேரோவியத்துக்கு அவர் முதலில் கருதியிருந்த தலைப்பு, மரங்கள் தம் வளையங்களைக் காட்டின, விலங்குகள் தம் நாளங்களைக் காட்டின என்பது. காடு சாய்கிறது, விலங்குகள் அலறுகின்றன, நடுவே ஒரு நீல மான் கழுத்தை மேல்நோக்கி வளைத்து நிற்கிறது. வெட்டுண்ட மரமும் காயமுற்ற விலங்கும் ஒரே உடல் என்ற எண்ணம் அந்தத் தலைப்பில் இருக்கிறது. தங்கள் இணைப்பில் வந்த ஓவியர் அதை அறிந்திருந்தாரா என்பது முக்கியமில்லை. வளையமும் கொம்பும் ஓரிடத்தில் சந்திக்கும்போது என்ன பொருள் பிறக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அந்த ஓவியம் உதவுகிறது.

நீலம் அமைதியின் நிறம் என்ற கூற்றுக்கும் மார்க்கிடமே விடை இருக்கிறது. 1910-இல் தம் நண்பரான ஓவியர் ஆகுஸ்ட் மாக்கேவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் நீலத்தை ஆண்மையும் கடுமையும் ஆன்மிகமும் கொண்ட நிறமாகவும், மஞ்சளைப் பெண்மையும் மென்மையும் மகிழ்ச்சியும் கொண்டதாகவும், சிவப்பைக் கனமும் முரட்டுத்தனமும் கொண்ட பருப்பொருளாகவும் வகுத்தார். அது அவர் தமக்காக வகுத்துக்கொண்ட ஒழுங்கு. அவருடைய நீலக் குதிரைகளைப் பார்க்கும்போது அதை நினைவில் கொள்வது சரி. இன்னொருவரின் நீலக் காட்டுக்கு அதைப் பொருத்துவது சரியாகாது. மார்க்கின் ஓவியத்திலேயே நிறத்தை நம்பிப் பொருள் சொல்வோருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1916-இல் அவர் போரில் இறந்தபின், ஒரு கிடங்கில் ஏற்பட்ட தீயில் விலங்குகளின் விதி ஓவியத்தின் வலப்புறம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிதைந்தது. அவருடைய நண்பரான ஓவியர் பால் க்லே அதைச் சீரமைத்தபோது, மூல நிறங்களின் பொலிவைப் பாவனை செய்யாமல் அந்தப் பகுதியை மங்கிய பழுப்புச் சாயலில் விட்டார். வரலாறு தெரியாதவர் அந்தப் பழுப்பை மார்க் தீட்டிய அழிவின் குறியீடாகவே விளக்கிவிடக்கூடும்.

உணர்வுநிலை ஒரு தனி உறுப்பில் இருப்பதில்லை, உறுப்புகளுக்கு இடையிலான முரணில் இருக்கிறது என்பதற்கு மெக்சிகோ ஓவியர் ஃப்ரீதா காலோ 1946-இல் வரைந்த காயமுற்ற மான் என்னும் ஓவியம் நல்ல சான்று. மானின் உடலில் ஒன்பது அம்புகள் தைத்திருக்கின்றன. கொம்புகளோடு கூடிய தலையில் ஓவியரின் சொந்த முகம். அந்த முகத்தில் வேதனையின் சுளிப்பு இல்லை, அது நேராக நம்மைப் பார்க்கிறது. உடல் சொல்வதை முகம் சொல்ல மறுக்கும் அந்த இடத்தில்தான் ஓவியத்தின் வலி இருக்கிறது. மான் கள்ளமின்மையின் குறியீடு என்று சொல்லி இதைக் கடந்து போக எவருக்கும் மனம் வராது.

என் விளக்கமே முடிவானது என்று நான் வாதிடவில்லை. மஞ்சள் ஒளி மானுக்குள்ளிருந்தே சுரக்கும் தெய்வத்தன்மை என்று ஒருவர் சொல்லலாம். மிகுபுனைவில் அதற்கு இடமுண்டு. அப்படிச் சொல்பவர் பின்மரங்களில் விழும் நிழலையும் சிறுத்தையின் கண்ணொளியையும் எப்படி விளக்குவார் என்று நான் கேட்பேன், அவர் தரும் விடையை ஆவலோடு படிப்பேன். கற்பனை ஓவியத்துக்கு எந்தப் பொருளையும் சொல்லலாம் என்ற எண்ணத்தோடுதான் எனக்கு உடன்பாடில்லை. கற்பனை மிகுந்த ஓவியத்தில்தான் ஒவ்வொரு நுணுக்கமும் ஓவியரின் தேர்வாகிறது. ஒளிப்படத்தில் தற்செயலாக விழக்கூடிய நிழல், இல்லாத ஒரு காட்டில் தற்செயலாக விழாது.

இறுதியாக, தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஓவியத்தை வெளியிடும்போது அதன் தலைப்பு, அளவு, ஊடகம், வரைந்த ஆண்டு ஆகியவற்றைக் கட்டாயம் தாருங்கள். காலோவின் மான் ஓவியம் ஒரு புத்தகப் பக்கத்தைவிடச் சற்றே பெரியது. மார்க்கின் ஓவியமோ ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரமும் இரண்டரை மீட்டருக்கு மேல் அகலமும் கொண்டது. அச்சில் இரண்டும் ஒரே அளவாகிவிடும்போது, ஒன்றின் அந்தரங்கமும் மற்றதன் பேரோசையும் வாசகருக்குக் கிட்டாமல் போகின்றன. நாளிதழ்த்தாள் மையை உறிஞ்சிப் பரப்பிவிடுவதால் அடர்நீலங்கள் ஒன்றோடொன்று கலந்து கருமையாகிவிடுகின்றன என்பதையும் கருத்தில் கொண்டு, இருண்ட ஓவியங்களை உள்பக்கத் தாளில் அச்சிடாமல் வழவழப்பான அட்டைத்தாளில் அச்சிட முடிந்தால் நன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, விளக்கக் குறிப்பு ஓவியத்தின் கீழ்ப்பகுதியை மறைத்தபடி அச்சாகியிருக்கிறது. நாம் நிற்கும் கரை இருக்க வேண்டிய இடம் அது. அங்கே ஒரு காலடித் தடமோ, அறுத்துப் போட்ட கிளையோ, யாருடைய நிழலோ இருந்தால் என் விளக்கம் உறுதிப்படும். அங்கேயும் நீரே தொடர்ந்தால் நான் அதை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அடுத்த ஞாயிறு இணைப்பிலேனும் ஓவியத்தை எதுவும் மறைக்காமல் முழுமையாக வெளியிட்டு, வாசகர்களின் விளக்கங்களையும் வரவேற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்